கடிகார நேரமும் கணிப்பும்: இலங்கை அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

காலம் இயற்கையின் ஓட்டம். கடிகார நேரமோ சமூகத்தின் ஏற்பாடு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே திகதியையும் நேரத்தையும் கணிக்கும் கணினிச் செய்நிரல்களிற் பல வழுக்கள் தோன்றுகின்றன. பகலொளியைச் சேமிக்கும் பொருட்டுக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இதனைத் தெளிவுறக் காட்டும். 1916இல் ஜேர்மனி இவ்வழக்கத்தை மேற்கொண்டமைக்குப் போர்க்கால எரிபொருட் சிக்கனமே காரணமாகும்.

இலங்கையிலும் இதனையொத்த மாற்றங்கள் நிகழ்ந்தன. 1996இல் நீர்மின் உற்பத்தி குன்றியபோது, மே 25இல் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலமும், 2006 ஏப்ரல் 15இல் எஞ்சிய அரை மணித்தியாலமும் பின்னகர்த்தப்பட்டன. ஆகவே முதற் குறித்த நாள் 23 மணித்தியாலங்களையும், ஏனைய இரண்டும் இருபத்துநாலரை மணித்தியாலங்களையும் கொண்டிருந்தன.

2006 ஏப்ரல் 14 இரவு 10 மணி முதல் மறுநாட் காலை 6 மணிவரை கடமையிலிருந்த காவலாளி ஒருவரை எண்ணுவோம். கடிகார நேரங்களை வெறுமனே கழிக்கும் செய்நிரல் எட்டு மணித்தியாலக் கூலியையே கணிக்கும். அவர் உழைத்ததோ எட்டரை மணித்தியாலங்கள். கணிப்பின் வழு ஈண்டு உழைப்பின் இழப்பாகின்றது.

இதனைத் தவிர்க்க மூன்று நெறிகளை நாம் வலியுறுத்தலாம். முதலாவது, நடந்து முடிந்த நிகழ்வுகளை உலகப் பொது நேரத்திற் பதிந்து, இடைவெளியையும் அதிலேயே கணித்தல் வேண்டும். இரண்டாவது, ஒரு நாளைக் கூட்டுவதும் 24 மணித்தியாலங்களைக் கூட்டுவதும் வெவ்வேறு செயல்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. மூன்றாவது, எதிர்கால நிகழ்ச்சிகளுக்கு உள்ளூர் நேரத்தையும் நேர வலயத்தின் பெயரையும் சேர்த்தே பேணுதல் வேண்டும். ஐந்தரை என்ற எண்ணை மட்டும் பேணினால், அரசு நாளை விதியை மாற்றும்போது அது பயனற்றதாகிவிடும்.

நேர வலயங்களின் வரலாற்றைத் தொகுத்துத் தரும் தரவுத்தளம் உலகெங்கும் பயன்படுகின்றது. ஆயின் இலங்கைக்கு அதிலுள்ளது கொழும்பின் பெயரிலான ஒரே வலயமே. 1996இன் பின்னர் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிற் பழைய நேரமே பின்பற்றப்பட்டது. அப்பகுதிகளின் அக்காலப் பதிவுகளைக் கொழும்பு வலயத்தின்படி மாற்றினால், அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ பிசகும்.

எனவே, ஒரு நேரக்குறிப்பைக் கணிக்குமுன் அது எவருடைய கடிகாரத்திற் குறிக்கப்பட்டது என வினவுதல் இன்றியமையாததாகும்.