காளானின் தோல் ஏன் உரிகிறது?

கடையில் வாங்கிய மொட்டுக்காளானின் குடை விளிம்பை நகத்தால் கிள்ளி மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். மெல்லிய தோல் நாடா நாடாவாக உரிந்து வரும். அடியில் வெள்ளைச் சதை.

இந்தத் தோலுக்குப் பூஞ்சையியலார் வைத்த பெயர் பைலியைபெல்லிஸ். லத்தீனில் பைலியஸ் என்றால் தொப்பி, பெல்லிஸ் என்றால் தோல். தண்டின் தோல் ஸ்டிபிட்டிபெல்லிஸ்.

காளானின் உடல் முழுக்க நுண்ணிழைகள்தான், தோலும் அப்படியே. இழைகள் பாய் விரித்ததுபோல் படுத்திருந்தால் அது க்யூட்டிஸ். நாற்று நட்டதுபோல் நிமிர்ந்து நின்றால் ட்ரைக்கோடெர்ம். தொட்டால் வெல்வெட் போலிருக்கும். இழைச்சுவர்கள் நீரை உறிஞ்சிக் கூழாகிவிட்டால் பெயருக்கு முன்னால் ‘இக்ஸோ’ சேரும். பைன் மரத்தடியில் முளைக்கும் சுய்லஸ் லூட்டியஸ் மழையில் வழுக்குவது இந்தக் கூழால்தான். எனக்கு மிகவும் பிடித்த சொல் இந்த ‘இக்ஸோ’. வழவழப்புக்கே ஓர் இலக்கணம்!

தோலின் இழைகளும் சதையின் இழைகளும் வெவ்வேறு விதமாக அடுக்கப்பட்டிருப்பதால் இடையே பிடிப்பு தளர்கிறது, தோல் உரிகிறது. ருசுலா என்ற வகைக் காளான்களின் இனங்களைப் பிரித்தறிய, தோல் எவ்வளவு தூரம் உரிகிறது என்பதும் ஓர் அடையாளம்.

தோல் உரிந்தால் சாப்பிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். நம்பாதீர்கள். உயிரைக் குடிக்கும் அமானிட்டா ஃபலாய்டஸின் தோலும் எளிதாக உரியும்.