உடற்பருமனும் பரம்பரையும்

உடல் பருத்தோரைக் காணுமிடத்து உலகத்தார் கூறும் மொழி இருவகைத்து. பெருந்தீனியும் சோம்பலுமே காரணமென்று எள்ளுவார் ஒரு சாரார். அது குடும்ப வாகு, மாற்ற எவராலும் ஆகாது என்பார் மற்றொரு சாரார். பருமன் நீரிழிவு, இருதய நோய் முதலியவற்றுக்கு வாயிலாகலின், இவ்விரு கூற்றும் எத்துணை உண்மையென்பதை ஈண்டு ஆராய்வோம்.

கானடாவிலுள்ள லவால் பல்கலைக்கழகத்தார் 1990-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். உருவொத்த இரட்டையரான 12 இணை இளைஞர்க்கு, நாளொன்றுக்கு 1,000 காலரி மிகையுணவு, 100 நாட்களுள் 84 நாள் அளிக்கப்பட்டது. மிகையுணவு எல்லார்க்கும் ஓரளவினதே. ஆயினும் ஒருவர் 4.3 கிலோவும், மற்றொருவர் 13.3 கிலோவும் பெருத்தனர். ஆனால், ஓர் இணையைச் சேர்ந்த இருவரும் பெரும்பாலும் ஒத்த அளவே பெருத்தனர். பருமனிற் பிறப்புக்கும் பங்குண்டென்பது இதனாற் பெறப்படும்.

தாய் தந்தையரிடமிருந்து நமக்கு வரும் பரம்பரைக் கூறுகளை ஜீன்கள் என்பர். அவை பருமனை எவ்வாறு விளைக்கின்றன? 1994-இல் நியூயார்க்கு நகரில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்ட ஜீனொன்று இதனை விளக்கும். அது லெப்டின் என்னும் பொருளை ஆக்குவது. லெப்டின், கொழுப்பிலிருந்து தோன்றி, சேமிப்புப் போதுமென்று மூளைக்கு அறிவிக்கும் தூதனை யொக்கும். அந்த ஜீன் பழுதுற்றுப் பிறந்தோர்க்கு எத்துணை உண்டாலும் பசி அடங்காது. இக்குறையுடைய குழந்தைகளை 1997-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். பின்னர் லெப்டினை ஊசி வழியாகச் செலுத்தவே, பசி தணிந்து உடலும் மெலிந்தது. இத்தகையோரைப் பெருந்தீனியரென்று பழித்தல் தகுமோ?

இவர் மிகச் சிலரே. ஏனையோர்க்கு உள்ளவை சிறு வேறுபாடுகள். எப்.டி.ஓ. என்னும் ஜீனிலுள்ள ஒரு வேறுபாட்டை 2007-இல் ஐரோப்பியர் 38,759 பேரிடம் ஆராய்ந்தனர். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் அதனைப் பெற்றோர் 100-க்கு 16 பேர். அவர்கள், பெறாதாரினும் சராசரி 3 கிலோ எடை மிக்கிருந்தனர். எனினும், இவ்வேறுபாட்டால் வரும் பருமன் அபாயம், உடலுழைப்புடையாரிடம் நூற்றுக்கு 27 பங்கு குறைந்திருந்ததென்று 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று.

வாழ்க்கை வேறுபடின் விளைவும் வேறுபடுமென்பதற்குப் பீமா என்னும் அமெரிக்கத் தொல்குடியினர் சான்றாவர். இவருள் ஒரு பகுதியார் ஐக்கிய நாட்டு அரிசோனாவிலும், பரம்பரையால் அவர்க்கு நெருங்கிய மற்றொரு பகுதியார் மெக்ஸிக்கோ மலைநாட்டிலும் வாழ்கின்றனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலிடத்துக் குடியேறியோர் ஹீலா ஆற்றுநீரைத் திருப்பிக்கொள்ளவே, அரிசோனாப் பீமாக்களின் பயிர்த்தொழில் சீர்குலைந்தது. உணவும் உழைப்பும் மாறின. மெக்ஸிக்கோவினரோ உடலுழைப்பு மிக்க வாழ்வினராயிருந்தனர். 2006-இல் வெளியான கணக்கின்படி நீரிழிவுடையார் அரிசோனாவில் 100-க்கு 38; மெக்ஸிக்கோவில் 6.9.

ஆதலின் பரம்பரை வித்தை யொக்கும். வாழ்க்கை நிலத்தை யொக்கும். விளைவுக்கு இரண்டும் வேண்டும். மாணாக்கர்காள்! பருத்த தோழனை நகையாதீர். அவன் பெற்ற வித்து அவன் தேர்ந்ததன்று. பெற்றோர்க்கு நீரிழிவு உளதேல், விதியென்று வாளா இராமல், அளவறிந்து உண்டு, நாடோறும் உடலை உழைப்பித்து, காலத்தே மருத்துவரை நாடுவதே நம் கடன்.