சிஸ்டம் விடுதில்ல

கல்முனை ஆதார வைத்தியசாலையின் பதிவில் அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான்: 81. 2004 டிசம்பர் 26, கடல் ஊருக்குள் வந்து திரும்பிய சில மணித்தியாலங்களில், இடிபாடுகளுக்குள் சேறும் காயமுமாகக் கிடந்த கைக்குழந்தையை யாரோ தூக்கிவந்து வைத்தியசாலையில் ஒப்படைத்தார்கள். அன்று சேர்க்கப்பட்டவர்களின் வரிசையில் 81ஆவது ஆள். உலகம் முழுக்க அந்தப் பிள்ளை 'பேபி 81' ஆனது.

அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்களை அன்று கடல் கொண்டுபோனது. திருக்கோவிலிலிருந்து மருதமுனை வரை பிள்ளையைப் பறிகொடுக்காத தெரு இல்லை. ஆண் குழந்தை ஒன்று உயிரோடு இருக்கிறதாம் என்ற கதை பரவியதும் தாய்மார் ஓடினார்கள். ஒன்பது பேர் உரிமை கோரினார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. முறைப்படி நீதிமன்றப் படியேறியது ஒரே ஒரு தம்பதிதான் என்று பின்னால் தெரியவந்தது. ஆனால் அந்த மற்ற எட்டுப் பேரைப் பொய்க்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு மாதப் பிள்ளையைத் தண்ணீர் இழுத்துப்போனதைக் கண்ணால் கண்ட தாய்க்கு எந்தப் பிள்ளையின் முகமும் அந்த முகமாகத்தான் தெரியும்.

அந்தத் தம்பதி எதைக் காட்டி நிரூபிப்பது? கரையோரத்தில் வீட்டோடு சேர்ந்து பிறப்புச் சான்றிதழும் போயிருந்தது, அல்பமும் போயிருந்தது. 2005 பெப்ரவரி தொடக்கத்தில் கல்முனை நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. முடிவு வரும்வரை குழந்தை வைத்தியசாலையிலேயே இருக்கட்டும் என்றது. பெற்றோரால் பொறுக்க முடியவில்லை. வைத்தியசாலைக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்கப் பார்த்தார்கள், பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. பிறகு மூவரும் கொழும்புக்குப் போனார்கள், மாதிரிகள் எடுக்கப்பட்டன.

அந்தப் பரிசோதனையின் சூட்சுமம் சிக்கலானதல்ல. நம் மரபணுவில் ஆளுக்கு ஆள் நீளம் மாறுகிற சில இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பங்கு வரும். பல இடங்களை வரிசையாக ஒப்பிட்டு எல்லாமே பொருந்தினால், அது தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. பெப்ரவரி 14ஆம் திகதி கல்முனையில் நீதிபதி முடிவைத் திறந்த மன்றில் அறிவித்தார்: பிள்ளை இவர்களுடையது. இரண்டு நாளில் தாயின் கைக்கு வந்தது.

நம் நாட்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் வருடத்தது. திருமணம் நிலைத்திருக்கும் காலத்தில் பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளையே என்பதை முடிந்த முடிபாகக் கொள்ளச் சொல்கிறது அதன் 112ஆம் பிரிவு. தகப்பன் யார் என்று எந்த இயந்திரமும் சொல்ல முடியாத காலத்தில், பிள்ளையை அநாதரவாக விடக்கூடாதென்று எழுதிவைத்த ஏற்பாடு அது. சுனாமியால் அநாதரவான பிள்ளைகளின் பராமரிப்பு பற்றிய விசேட சட்டமும் (2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கம்) இந்த வழக்கு முடிந்த பிறகுதான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகவே கல்முனை நீதிபதியின் கையில் இருந்தது ஒரு பழைய சட்டமும் ஒரு புதிய கருவியும். கருவி கணக்குச் சொன்னது. தீர்ப்பைச் சொன்னது நீதிபதி. அவருக்குப் பெயர் இருந்தது, கதிரை இருந்தது, பிழையென்றால் மேன்முறையீட்டுக்கு ஒரு வாசலும் இருந்தது.

இந்தப் பழைய கதையை எனக்கு நினைவூட்டியது ஓர் ஓட்டோ.

மருமகன் ஒருவனுக்கு ஓட்டோ எடுக்க லீசிங் தேவைப்பட்டது. துணைக்கு நானும் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடிதங்கள் சரி, பிணைக்கு ஆள் சரி, முற்பணமும் கையில். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொடியன், நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைதான், எல்லாவற்றையும் தட்டிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். சிவப்பில் ஒரு சொல்.

"ஏன் தம்பி?"

"தெரியா அண்ணே. சிஸ்டம் விடுதில்ல."

"ஆர் முடிவெடுத்த?"

"ஆரும் இல்ல அண்ணே. சிஸ்டம்."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. முகாமையாளருக்கும் தெரியாது. கொழும்பில் இருப்பவர்களிடம் கேட்டால் மென்பொருள் விற்றவர்களைக் காட்டுவார்கள், விற்றவர்கள் தரவைக் காட்டுவார்கள். வெளியே வந்து மருமகன் கேட்டான்: "மாமா, ஆரோட சண்டை பிடிக்கிற?"

ரோபோ என்றால் நம் ஆட்களுக்கு ரஜினி படம் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் ஜப்பானில் தேநீர் பரிமாறும் பொம்மை. அது கைகால் இல்லாமல் எப்போதோ நம் பிரதேச செயலகங்கள் வரைக்கும் வந்துவிட்டது. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த அஸ்வெசும திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகள். மின்சாரம் எத்தனை அலகு, கூரை என்ன, மாடு உண்டா, வாகனம் உண்டா என்று கேட்டு எழுதி உள்ளே போட்டால் புள்ளி வெளியே வரும். அந்தப் புள்ளிதான் யார் அதிவறியவர், யார் வறியவர், யாருக்கு 15,000, யாருக்கு 2,500, யாருக்கு ஒன்றுமில்லை என்று தீர்மானித்தது. பட்டியல் வெளிவந்ததும் குவிந்த மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் பத்து இலட்சத்தை நெருங்கின.

நோக்கம் கெட்டதல்ல என்பதையும் சொல்லவேண்டும். சமுர்த்திக் காலத்தில் கட்சிக்காரன் வீட்டுக்கு முத்திரை போனதும், உண்மையில் அடுப்பெரியாத வீடு விடுபட்டதும் எல்லா ஊரிலும் தெரிந்த கதை. ஆள் முகம் பார்க்காத கணக்கு வந்தால் நியாயம் வரும் என்று நம்பியதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் அநியாயம் செய்தவரை ஒழுங்கைக்குள் மறித்துத் திட்டவாவது முடிந்தது. புள்ளியைத் திட்ட முடியாது.

அதே 2023 ஜூலை 7ஆம் திகதி, நம் ஆட்கள் ஆட்சேபனைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நாட்களில், அவுஸ்திரேலியாவில் 'ரோபோடெப்ற்' விவகாரம் பற்றிய அரச விசாரணை ஆணைக்குழு தன் அறிக்கையைக் கையளித்தது. அங்கே இயந்திரம் செய்த பிழையை நம் வயற்கூலிக்காரருக்கு ஒரு வரியில் விளக்கலாம். அறுவடைக் காலத்தில் இரண்டு மாதம் உழைத்த காசை வருடம் முழுக்கச் சமமாகப் பரப்பிப் பார்த்து, 'வேலையில்லாமல் உதவிப்பணம் எடுத்த மாதங்களிலும் உனக்கு வருமானம் இருந்திருக்கிறது, எடுத்ததைத் திருப்பிக் கட்டு' என்று கடிதம் அனுப்பியது. ஒழுங்கற்ற உழைப்பை ஒழுங்கான கணக்கில் அடைத்ததால் வந்த வினை. கடன் இல்லாதவர்கள் கடன்காரர் ஆனார்கள். திட்டம் சட்டவிரோதமானது என்று முடிவானபோது, அழிக்கவேண்டிய கடனும் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமும் நட்டஈடுமாகச் சேர்ந்து 180 கோடி அவுஸ்திரேலிய டொலர் அளவுக்குப் போயிருந்தது.

நம்மிடம் சட்டமே இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படித்தால் மருமகனுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. முழுக்க முழுக்கத் தானியங்கியாக எடுத்த முடிவு ஒருவரின் உரிமைகளை மீளமுடியாதபடி தொடர்ந்து பாதிக்குமானால், அதை மீளாய்வு செய் என்று அவர் எழுத்தில் கேட்கலாம். கீழே வாசித்தால் விலக்குகள் வரும்: வேறு எழுத்துச் சட்டம் அனுமதித்த முடிவென்றால் கேட்க முடியாது, சம்மதத்தின் பேரில் நடந்ததென்றால் முடியாது, ஒப்பந்தத்துக்கு அவசியமென்றால் முடியாது. லீசிங் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாத ஆள் யார்? யானை வேலியை இறுக்கமாகக் கட்டிவிட்டு, யானை வழக்கமாக வருகிற பாதையில் மட்டும் கடவை வைத்ததுபோல் இருக்கிறது எனக்கு. போதாக்குறைக்கு, 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கிய பகுதிகளும் தள்ளிவைக்கப்பட்டன.

சாகாமம் பக்கத்து வயல்களுக்கு இப்போது போனால் அருவி வெட்டுகிற பெண்களின் வரிசையைக் காண்பது அரிது. வெட்டு மெசின் ஒரு பக்கத்தால் புகுந்து மறு பக்கத்தால் நெல்லைக் கொட்டிக்கொண்டு போகிறது. சிங்களத்தில் இதற்குப் 'பூதயா' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள், பொருத்தமான பெயர். சூடடிப்பும் போய், களத்து மேட்டுச் சோறும் போய், கதிர் பொறுக்கி அரைச் சாக்கு நெல் சேர்த்த கிழவிகளின் வருமானமும் போயிற்று. அந்த நட்டத்துக்கு ஒரு சட்டத்திலும் இடமில்லை. இருந்தாலும் பூதத்துக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவரின் மெசின் போன பெரும்போகத்தில் வரம்பை உடைத்துவிட்டது. வயற்காரர் போன் எடுத்தார், காக்கா மோட்டார் சைக்கிளில் வந்தார், பார்த்தார். "பிழைதான் தம்பி, கூலியில கழிச்சிக்கோங்க." விடயம் முடிந்தது.

இனி மருந்தடிக்கிற ட்ரோன். பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு ட்ரோன்களுக்கே சில காலம் தடை இருந்தது. பாதுகாப்புக் கண்ணால் பார்த்தால் சட்டம் அதை நன்றாகவே பார்க்கிறது. ஆனால் காற்றுத் திசை மாறி, புல்லுக்கு அடித்த மருந்து பக்கத்துக் காணியின் பயிற்றங்கொடியில் விழுந்தால்? பீடைகொல்லிச் சட்டம் 1980ஆம் வருடத்தது, முதுகில் தாங்கி சுமந்து அடித்த காலம். ட்ரோனை விற்றவர், வாடகைக்கு விட்டவர், பாதையைப் போட்டுக்கொடுத்த மென்பொருள், பொத்தானை அமத்திய பொடியன், இவர்களில் யார்?

எனக்கென்னவோ விடை 1876இல் இருக்கிறது என்று படுகிறது. அந்த வருடத்து 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நம் வயல்களில் உயிரோடிருக்கிற ஏற்பாடு. மாடு வேளாண்மைக்குள் விழுந்தால் மாட்டின் மனநிலையை யாரும் ஆராய்வதில்லை. வட்டவிதானை வருவார், எவ்வளவு அழிவு என்று மதிப்பார், மாட்டின் குறியைப் பார்ப்பார். குறி யாருடையதோ அவர் கட்டவேண்டும். மாடு தன் புத்தியால் போனது, நான் அனுப்பவில்லை என்று சொன்னால் வயலே சிரிக்கும்.

ஐரோப்பாவில் இதற்கு நேர் எதிராகவும் யோசித்தார்கள். 2017இல் ஐரோப்பியப் பாராளுமன்றம், தாமாக முடிவெடுக்கும் ரோபோக்களை 'மின்னணு ஆள்' என்று சட்டத்தில் ஏற்பதை ஆராயலாம் என்றது. அதே வருடம் ஒக்டோபரில் ரியாத்தில் சோஃபியா என்ற பெண் உருவ ரோபோவுக்குச் சவூதி அரேபியா குடியுரிமை அறிவித்தது. இருபது வருடம் அந்த மண்ணில் வியர்வை சிந்திய எங்கள் கல்முனைப் பொடியன்களுக்கு அது கிடைத்ததில்லை. நாமும் பெருமை பேச முடியாது: மலையகத்தாரின் குடியுரிமையை 1948இல் பறித்துவிட்டு, நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 2003வரை எடுத்த நாடு இது. இயந்திரத்தை ஆளாக்கினால் லாபம் அதன் முதலாளிக்குத்தான். மாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் மாட்டுக்காரர் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

மருமகனுக்கு ஒரு கடிதம் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். நடைமுறைக்கு வந்ததோ இல்லையோ, 18ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, முடிவை ஒரு மனிதர் பார்த்து மீளாய்வு செய்யவேண்டும், காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று கேட்பது. அனுப்புநர் என்ற இடத்தில் அவன் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அழகாக எழுதினான். பெறுநர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாதிரியே, 'முகாமையாளர் அவர்கட்கு' என்று எழுதினான். பதிவுத் தபாலில் போட்டு, துண்டை பர்சுக்குள் வைத்திருக்கிறான்.