எண்ணிக்கையிற் பிறக்கும் வெளி

1867ஆம் ஆண்டிற் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை மலைச்சரிவில் ஒற்றைத் தடமாக ஏறுகின்றது. இந்நிலையங்களின் ஏடுகளில் வண்டி வந்ததும் சென்றதும் ஆகிய நிகழ்ச்சிகள் மட்டும் உள்ளன எனக் கொள்வோம். மைற்கணக்கும் மணிக்கணக்கும் அழிந்துபோயின; எந்நிகழ்ச்சியின் செய்தி எந்நிகழ்ச்சியைச் சென்றெட்டியிருத்தல் கூடும் என்னும் முன்பின் முறைமை ஒன்றே எஞ்சியுள்ளது. அதுகொண்டு நிலையங்களின் இடைத்தூரத்தை அறியலாகுமா?

இது விளையாட்டு வினாவன்று. தனித்தனி உறுப்புக்களாலான தொகுதியில் அளவு என்பது எண்ணுதலாலேயே கிடைக்கும். தொடர்ச்சியான தொகுதியிலோ அளவின் காரணத்தைப் புறத்தே தேடவேண்டும் என 1854இல் றீமன் தம் விரிவுரையிற் காட்டினார். 1987இற் சோர்க்கின் முதலிய நால்வர் இக்கருத்தைக் காலவெளிக்கே பொருத்தினர். ஒளியினும் விரைந்து எச்செய்தியும் செல்லாது. ஆதலின் எது எதனைப் பாதிக்கக்கூடும் என்பது தெரியின் காலவெளியின் வடிவம் தெரியும். பருமன் மட்டும் தெரியாது. அக்குறையை எண்ணிக்கை நிரப்புகின்றது. ஒரு பகுதியில் எத்துணை நிகழ்ச்சிகளோ அத்துணை பருமன். இரு நிகழ்ச்சிகளுக்கிடையே அமையும் மிக நீண்ட சங்கிலியின் கண்ணிகளை எண்ணினால் இடைப்பட்ட காலமும் கிடைக்கும். ஏட்டு நிகழ்ச்சிகள் மிகப் பலவாயும் சீராகப் பரந்தும் இருப்பின், நம் வினாவுக்கு விடை ஆம் என்பதே.

நிகழ்ச்சிகளைச் சதுரக்கோட்டுத் தாளைப்போல் ஒழுங்காக அடுக்கினால் என்ன? ஓடும் வண்டியில் இருப்பவனுக்கு அவ்வடுக்கு ஒருபுறம் நெருங்கியும் மறுபுறம் விரிந்தும் தோன்றும். தரையில் நிற்பவன் மட்டும் சிறப்புரிமை பெறுவான். சார்புக் கொள்கை இதனை ஏலாது. முற்றத்தில் விழும் மழைத்துளிபோல் எழுந்தமானமாகத் தூவினாலோ அவ்வேற்றுமை ஒழிகின்றது.

வைசேடிகர் பொருளைப் பரமாணுவாகப் பகுத்தும் ஆகாயத்தைப் பகுத்திலர். சமணரோ ஆகாயத்துக்கும் 'பிரதேசம்' என்னும் நுண்ணிடங்களைக் கொண்டனர். ஆயினும் அவரை இவ்வாராய்ச்சியின் முன்னோடிகள் என்பது மிகையாம். அவர்க்கு நுண்ணிடம் முன்னரே அமைந்தது, இங்கோ உறவிலிருந்தே இடம் பிறத்தல் வேண்டும்.

அங்குதான் பேரிடர் உளது. உறுப்புக்கள் மிகுந்துழி, அமையக்கூடிய முறைமைகளுட் பெரும்பாலன மூன்றே அடுக்குக்களை உடையன என்று 1975இற் கிளைற்மனும் றொத்சைல்டும் நிறுவினர். அவற்றிற் காலம் மூன்று படியில் முடிந்துவிடும். வெளி எனத்தகுவது ஒன்றுமில்லை. அவ்வாறாயின் நாம் காணும் உலகு எங்ஙனம் வந்தது? பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்துச் சுமதி சூரியா 2012இல் இருபரிமாண முறைமைகளைக் கணினியால் ஆராய்ந்து, ஒரு நிலையில் அவை தொடர்வெளியை ஒப்பதையும், மற்றொரு நிலையில் அடுக்குக்களாக உறைவதையும் கண்டார். நாற்பரிமாணத்துக்கு அத்தகைய முடிவு இன்னும் எட்டப்படவில்லை.