டார்வினின் படிப்பறை
டவுன் ஹவுஸ், டவுன் கிராமம், இங்கிலாந்து. 1842–1882

சார்லஸ் டார்வின் 40 ஆண்டுகள் வேலை செய்த அறை இது. 1859-இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ இங்குதான் எழுதப்பட்டது. சக்கரம் பொருத்திய நாற்காலியில் அமர்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு எழுதுவார்.

அமைதியான அறை என்று நினைத்துவிட வேண்டாம். டார்வின், எமா தம்பதிக்குப் பத்துப் பிள்ளைகள். கத்தரிக்கோல், நூல், தபால்தலை, சுத்தியல் என எது வேண்டுமானாலும் பிள்ளைகள் அப்பாவின் அறைக்குத்தான் வருவார்கள். நான்கு வயது மகன் ஒருவன், வேலை நேரத்தில் அப்பா விளையாட வந்தால் ஆறு பென்னி தருவதாகப் பேரமே பேசினான்! எழுதி முடித்த தாள்களின் பின்புறத்தில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். புகழ்பெற்ற அந்த நூலின் கையெழுத்துப் படியில் இன்று மிஞ்சியிருக்கும் சில தாள்கள் அந்தப் படங்களுக்காகவே பிழைத்தவை.

மூத்த மகன் வில்லியம் 1839-இல் பிறந்ததும், அவனுடைய அழுகை, சிரிப்பு, கோபம் எல்லாவற்றையும் தந்தை குறித்துவைத்தார். அக்குறிப்புகள் 1877-இல் கட்டுரையாயின.

மூன்று பிள்ளைகள் சிறுவயதிலேயே இறந்தனர். மகள் ஆனி 1851-இல், பத்து வயதில் மறைந்தாள். ஒரு வாரத்துக்குள் அவளைப் பற்றிய நினைவுகளை டார்வின் எழுதிவைத்தார்.

மனைவியுடன் இரவுதோறும் பேக்கேமன் என்ற பலகை விளையாட்டை ஆடுவது அவர் வழக்கம். ஆட்டக் கணக்கையும் விடவில்லை. 1876-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பெருமையோடு தெரிவித்த நிலவரம்: எமா 2,490 வெற்றி, தாம் 2,795.