பிளாஸ்டிக் அட்டை விமானத்தின் இறக்கை பறக்கும்போது ஏன் மடங்குகிறது?

உதிரிபாகப் பெட்டிகள் செய்யப் பயன்படும் குழல் வரிப் பிளாஸ்டிக் அட்டை ஓசூர் போன்ற தொழில் நகரங்களுக்குப் புதிதல்ல. அதிலேயே ரிமோட் விமானமும் செய்யலாம். ஆனால் வெறும் அட்டை இறக்கை, வேகத் திருப்பத்தில் மேல்நோக்கி மடங்கிவிடும். ஏன்?

காற்று இறக்கைகளை மேலே தூக்குகிறது. நடுவில் உடலின் எடை கீழே இழுக்கிறது. அதனால் இறக்கையின் மேற்பரப்பு நசுங்குகிறது, கீழ்ப்பரப்பு இழுபடுகிறது. இந்த வளைவு விசை உடலோடு சேரும் இடத்தில்தான் மிக அதிகம். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் சுமை இரு மடங்கு.

வாழை இலையைப் பாருங்கள். நடுத்தண்டு இருக்கும்வரை விறைப்பாக நிற்கும். அதை நீக்கினால் துவண்டுவிடும். இறக்கைக்கும் அப்படியொரு தண்டு வேண்டும்.

எப்படி வைப்பது? அட்டையின் குழல்கள் இறக்கையின் நீளவாக்கில் ஓடட்டும். முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளி, தூக்குவிசை செயல்படும் இடத்தருகே, மரச்சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சட்டத்தின் உயரம் இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகும்.

இந்த அட்டை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். சாதாரணப் பசை பிடிக்காது. நைலான் கட்டுப்பட்டையால் இறுக்குவது நல்லது.

ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் தயாரித்த ஆறு இருக்கை பி68சி விமானத்தின் அலுமினிய இறக்கையும் இத்தகைய தண்டையே நம்பியிருக்கிறது.