பைப்பூண்டு: பூச்சியுண்ணும் நீர்த்தாவரத்தை வீட்டில் வளர்த்துப் பூக்கச்செய்தல்

பெரும்போக மழை பெய்து வயலும் குளமும் நிரம்பியபின், தேங்கிநிற்கும் தெளிந்த நீரில் பாசி போன்ற பச்சைநூற் கற்றைகள் மிதப்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். சில கிழமைகள் கழிய, அக்கற்றையின் நடுவிலிருந்து ஈர்க்குப் போன்ற காம்பொன்று நீருக்கு மேல் எழுந்து சிறிய மஞ்சட் பூக்களைத் தாங்கி நிற்கும். பாசி பூப்பதில்லை. ஆகவே இது பாசியன்று, பூக்குந் தாவரமே. தாவரவியலார் இதனை யூற்றிக்குலேரியா என்பர். சிறு பை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்த பெயர் அது. இப்பிரசுரத்தில் இது பைப்பூண்டு என வழங்கப்படும்.

பூச்சியுண்ணுந் தாவரம் என்றதும் இலங்கையில் பலருக்கும் ஈரவலயக் காடுகளின் கெண்டித்தாவரமாகிய நெப்பந்திசே நினைவுக்கு வரும். ஆனால் கமக்காரரின் காலடியில் வளர்வது பைப்பூண்டே. உலகில் இதன் இனங்கள் ஏறத்தாழ 240 உள. இவற்றுள் ஒன்றற்கேனும் உண்மையான வேர் இல்லை. சில நீரில் மிதப்பன. வேறு சில ஈரமணலிலும் வயற்சேற்றிலும் படர்வன. நெற்றாளைச் சுற்றிக்கொண்டு ஏறி நீலப்பூப் பூக்கும் இனமொன்று இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உண்டு. சிங்களத்தில் அதற்கு நில் மொனரெஸ்ஸ என்று பெயர். கேரளத்தார் அதனைக் காக்காப்பூ என்பர். ஓணப் பண்டிகைக் காலத்திற் பூக்களம் இடுதற்கு அதனைப் பறிப்பர்.

நீரில் வாழும் இனத்தின் ஒரு கிளையை வெள்ளைப் பீங்கானில் இட்டு நோக்கினால், நூலிலைகளில் மணிமணியாகச் சிறு பைகள் தொங்குவது தெரியும். அவை சில மில்லிமீற்றர் அளவினவே. ஒவ்வொரு பைக்கும் உள்நோக்கி மட்டுமே திறக்கும் கதவொன்று உண்டு. பைச்சுவரிலுள்ள சுரப்பிகள் உள்ளிருக்கும் நீரை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், பையினுள் அமுக்கம் குறைந்து பக்கங்கள் குழிந்து நிற்கும். மருந்து சொட்டும் குழாயின் இறப்பர்க் குமிழை விரலால் நசுக்கிப் பிடித்த நிலை இதற்கு ஒப்பாகும். கதவின் வெளிப்புறத்தே விறைப்பான மயிர்கள் சில உள. நீர்த்தெள்ளு போன்றதொரு சிற்றுயிர் அம்மயிரைத் தொட்டதும் கதவு உள்ளே மடங்கும்; பக்கங்கள் விரியும்; நீரும் அதனோடு அவ்வுயிரும் உள்ளே பாயும்; கதவு மூடிக்கொள்ளும். உறிஞ்சல் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் நிகழ்வதை 2011ஆம் ஆண்டில் ஆய்வாளர் அதிவேகப் படக்கருவி கொண்டு காட்டினர். தாவர உலகில் இதனினும் விரைவாக இயங்கும் பொறிகள் மிக அரியன. கால் மணி முதல் அரை மணி நேரத்துள் பை மீண்டும் ஆயத்தமாகும்.

சாள்சு டார்வின் 1875இல் வெளியிட்ட பூச்சியுண்ணுந் தாவரங்கள் பற்றிய நூலில், இரையே கதவைத் தலையால் முட்டித் திறந்து நுழைவதாகக் கருதினார். அதே காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் வாழ்ந்த மேரி திரீற் என்னும் அம்மையார் நுணுக்குக்காட்டியின்கீழ் நெடுநேரம் அவதானித்து, வாயிலை அணுகிய உயிர்கள் உள்ளே இழுக்கப்படுவதை எடுத்துரைத்தார். பிற்கால ஆய்வுகள் அம்மையார் கண்டதையே உறுதிப்படுத்தின.

இத்துணை முயற்சி எதற்காக? வேரற்ற இப்பூண்டு வாழும் நீரில் நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவு. அக்குறையைச் சிற்றுயிர்களின் உடலிலிருந்து அது நிரப்பிக்கொள்கிறது. கமக்காரர் அறியவேண்டிய செய்தியும் இதனுள் அடங்கியுள்ளது. பைப்பூண்டு செழிக்கும் நீர், பசளை கழுவிச் சேராத நீர் எனப் பெரும்பாலும் கொள்ளலாம். யூரியா பெருமளவில் வந்து சேரும் வாய்க்காலில் நூற்பாசி மூடிக்கொள்ள, பைப்பூண்டு மறைந்துவிடும். நெற்பயிரின் வேருக்கு இதனால் தீங்கில்லை. இளநாற்றை மூடுமளவிற்குத் திரண்டால் மாத்திரம் கையால் வாரிக் கூட்டெருக் குவியலில் இடுதல் போதும். இதற்காகக் களைநாசினி தெளிப்பது வீண்செலவாகும்.

வீட்டில் வளர்க்க விரும்புவோர் தம் வயலிலிருந்தோ அயலார் அனுமதியுடன் அவர் வயலிலிருந்தோ ஒரு கைப்பிடியளவு எடுத்துக்கொள்ளலாம். சிலாபத்திற்கு வடக்கே அமைந்துள்ள ஆனைவிழுந்தான் குளத்தொடர் 1997இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2001 முதல் இராம்சார் ஈரநிலமாகவும் உள்ளது. அங்கிருந்து எதனையும் எடுத்தல் ஆகாது. வெளிநாட்டு இனங்களை அனுமதியின்றித் தருவிப்பதும், வளர்த்து மிஞ்சியதைக் குளத்தில் எறிவதும் தவிர்க்கப்படல் வேண்டும்.

நீரே இச்செய்கையின் உயிர்நிலை. மழைநீர் மிகச் சிறந்தது. களப்பை அண்டிய கிணறுகளின் உவர்நீரும், இறால் பண்ணை வாய்க்கால் நீரும் பூண்டைக் கொன்றுவிடும். மரக்கறித் தோட்டங்களின் நடுவிலுள்ள கிணற்று நீரும் உகந்ததன்று. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில், இடப்பட்ட பசளையின் நைத்திரேற்று நிலத்தடி நீரில் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிப்பதற்கே தகாத நீர் அது. பைப்பூண்டிற்கு ஆகாதது வியப்பன்று.

மிதக்கும் இனத்திற்கு ஆறு முதல் எட்டு அங்குல ஆழமுள்ள, வாயகன்ற மட்சட்டி பொருத்தமானது. புதிய சீமெந்துத் தொட்டியிற் சுண்ணாம்பு கசியுமாதலால் அதனைப் பல நாள் நீர் மாற்றி ஊறவைத்த பின்னரே பயன்படுத்தலாம். அடியில் ஒரு பிடி உலர்ந்த வைக்கோலோ சருகோ இட்டால் நீர் தேநீர் நிறம் கொண்டு சற்றுப் புளித்தன்மை அடையும்; அது நன்று. காலை வெயில் படவும் நண்பகல் வெயில் மறையவும் சட்டியை வைக்கவேண்டும். பசளை எதுவும் இடலாகாது. இறைச்சித் துணுக்கோ சோறோ இடுவோரும் உளர். நீர் நாறிப் பூண்டு அழுகுவதே அதனாற் கண்ட பலன். பழைய குளத்து நீரில் ஒரு கிண்ணம் கிழமைக்கொருமுறை ஊற்றினால், அதிலுள்ள நீர்த்தெள்ளே போதிய உணவாகும்.

சேற்றில் படரும் இனங்களுக்குத் தும்புத்தூளும் கழுவிய ஆற்றுமணலும் சம அளவாகக் கலந்து சாடியை நிரப்புக. கரையோரத்தில் மட்டைகளை உவர்நீரில் ஊறவைப்பதுண்டு. அத்தும்புத்தூளில் உப்புத் தங்கியிருக்கும். மூன்று நான்கு முறை மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்தே அதனைச் சேர்க்கவேண்டும். கடல்மணல் வேண்டாம். சாடியை நீருள்ள தட்டில் வைத்தால் ஈரம் கீழிருந்து ஏறும்.

பலருடைய சட்டியில் பூண்டு பச்சையாகப் பரவியும் பூப்பதில்லை. நிழல் மிகுதியும் ஆழமாறாத நீருமே பெரும்பாலும் காரணம். கொடிகள் சட்டியை நிறைத்தபின் வெயிலைச் சிறிது கூட்டி, நீரை மெல்ல மெல்லக் குறைத்துவந்தால் பூங்காம்பு எழும். சிறு மஞ்சட்பூ இனமாகிய யூற்றிக்குலேரியா சிப்பா, கொடி சேற்றைத் தொடுமளவிற்கு நீர் வற்றும்போதே நன்கு பூக்கும்.

வீட்டு முற்றத்தில் நீர்ச்சட்டி வைப்போர் நுளம்பை மறத்தலாகாது. 2017இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயுற்றதாகப் பதிவாயிற்று. பைப்பூண்டு நுளம்புக் குடம்பிகளை உண்ணும் என்பது மெய்யே. 2020இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட சோதனையில், அடர்ந்த பூண்டு சில நாளுள் பெரும்பாலான குடம்பிகளை அழித்தது. எனினும் அது ஆய்வுகூடத்துச் சிறு கலங்களிற் கண்ட பலன். முற்றிய குடம்பி நம் சிறிய இனங்களின் பைக்குள் அடங்காது. பூண்டு நலிந்த கிழமையில் சட்டி முழுவதும் நுளம்பு பெருகும். டெங்கு நுளம்பு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும் பின்னர் பொரிக்கும். ஆகவே கிழமைக்கொருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவுதலும், நுளம்பு வலையால் மூடுதலும் இன்றியமையாதன. பூங்காம்பு நிமிர இடமிருக்கும்படி வளைத்த பிரம்பின்மேல் வலையை உயர்த்திக் கட்டுக. சாடியின்கீழ் உள்ள தட்டுக்கும் இதுவே விதி. குடம்பி காணப்படும் கலத்தை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. இவற்றைச் செய்ய நேரமில்லாதோர் பூண்டை வயலிற் கண்டு மகிழ்தலே நலம்.

ஆடி, ஆவணி வரட்சியிற் கொடி வாடுவது கண்டு சட்டியை வெறுமையாக்க வேண்டாம். பூத்துக் காய்த்த கொடியின் விதை அடிச்சேற்றில் தங்கியிருக்கும். நீரை முற்றாக வடித்து, சேற்றை நிழலில் உலரவிட்டு, ஐப்பசி மழையின் முதல் நீரை அதில் ஏற்றினால் புதிய முளைகளை எதிர்பார்க்கலாம்.